கொதிக்கும் தேநீரில் போட்ட மருந்து



நீங்கள் வீட்டில் தயிர் போட்டிருப்பீர்கள். பாலைக் காய்ச்சி இறக்கி ஆற வைத்து, சுண்டு விரலை விட்டுப் பார்ப்பீர்கள். விரல் அந்தச் சூட்டைத் தாங்கினால்தான் ஒரு கரண்டி உறை தயிரை ஊற்றிக் கலக்குவீர்கள். கொதிக்கிற பாலில் உறையை ஊற்றினால் தயிர் உறையாது என்பதை நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. உம்மா செய்வதைப் பார்த்தே படித்துக்கொண்டோம்.

இவ்வளவும் தெரிந்த நான், என் மாமிக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த வயிற்று மருந்தை மூன்று வாரங்களாக ஆவி பறக்கும் தேநீரில் கலக்கிக் கொடுத்தேன். அந்தத் தவறையும், அதைத் திருத்திக்கொண்ட பிறகு செய்த அதைவிடப் பெரிய தவறையும் உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல் இன்னொரு மருமகள் தவறக்கூடாது அல்லவா?

எங்கள் வீடு அக்குறணையில் இருக்கிறது. தை மாதக் குளிரில் இங்கே காலையில் எழும்பியதும் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ இல்லாமல் எந்த வேலையும் தொடங்காது. மாமிக்கு அது சுடச்சுட வேண்டும். கோப்பையைக் கையில் எடுத்தால் விரல் சுட வேண்டும், இல்லாவிட்டால், "என்ன மகள், ஆறின தண்ணியத் தாறீங்க?" என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிடுவார்.

2018ஆம் ஆண்டு ஜனவரியில் மாமிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டொக்டர் அன்டிபயோட்டிக் மருந்து கொடுத்தார். சளி குறைந்தது. ஆனால் வயிற்றோட்டம் தொடங்கியது. மறுபடி போனபோது டொக்டர் துண்டில் இன்னொன்றையும் எழுதினார். பாமசியில் தந்தது சின்னச் சின்னப் பக்கெட்டில் வெள்ளைத் தூள். "இது நல்ல கிருமி. அன்டிபயோட்டிக் கெட்ட கிருமியோடு நல்ல கிருமியையும் கொன்றுவிடும். அதை ஈடுசெய்ய இது" என்று பாமசித் தம்பி சொன்னார். அன்டிபயோட்டிக் குடித்து இரண்டு மணித்தியாலமாவது விட்டுத்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அதைக் கவனமாகப் பின்பற்றினேன். எதில் கலந்து கொடுப்பது என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பக்கெட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததை நான் வாசிக்கவும் இல்லை.

மாமி தூள் மருந்தைக் கண்டால் முகம் சுளிப்பார். ஆகவே அவர் ஆசையாகக் குடிக்கும் பிளேன்டீயிலேயே கலந்து விட்டேன். நிறம் மாறவில்லை, ருசியும் மாறவில்லை. என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

என் மதினியின் மகள் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில் மூத்தும்மாவைப் பார்க்க வந்தவள், நான் பக்கெட்டைக் கிழித்துக் கோப்பையில் கொட்டுவதைக் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, நீங்க கொதிக்கிற பாலுக்கு உறை ஊத்துவீங்களா?"

அவள் கேட்டது அந்த ஒரு கேள்விதான். எனக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்தும் விட்டது.

சகோதரியே, "புரோபயோட்டிக்" என்று இப்போது எல்லாரும் சொல்கிறோம். 2001இல் உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு அதற்கு ஒரு வரைவிலக்கணம் சொன்னது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதே அதன் சாரம். இதில் "உயிருள்ள" என்பதும் "போதிய அளவு" என்பதும் இரண்டு கண்கள் போன்றவை. தயிர் போடும் பாலின் சூடு ஏறக்குறைய 42 பாகை செல்சியஸ். அதுதான் அந்தக் கிருமிகள் பெருகிப் பிழைக்கும் சூடு. 60 பாகையைத் தாண்டினால் தயிர்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பெரும்பாலானவை சில நிமிடங்களிலேயே செத்துப் போகும். அப்போதுதான் ஊற்றிய தேநீரோ 80 பாகைக்கும் மேல். மூன்று வாரங்களாக நான் காசு கொடுத்து வாங்கிய உயிர்களை என் கையாலேயே கொன்று மாமிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அந்தத் தூளை ஆறின நீரில் கலக்கிக் கொடுத்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஓட்டம் நின்றது. ஆனால் வயிறு பழைய நிலைக்கு வரவில்லை. சில நாள் இறுகும், சில நாள் இளகும்.

மார்ச் மாதம் என் கணவரின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தார். உம்மாவுக்கு வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். சூடான பானத்தில் கலந்து குடிப்பதற்கென்றே செய்த புரோபயோட்டிக் பக்கெட்டுகள். அட்டையில் ஆவி பறக்கும் கோப்பைப் படம் கூட இருந்தது. ஒரு முறை சூடுபட்ட நான் சும்மா இருப்பேனா? மருமகளுக்குப் போன் எடுத்தேன். "இது எப்படிச் சாகாமல் இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் உங்களுக்கும் சொல்கிறேன்.

சில வகைப் பக்டீரியாக்கள் காலம் கெட்டுப்போனால் தம்மைச் சுற்றிக் கெட்டியான உறைகளை இட்டுக்கொண்டு உறங்கிவிடும். அந்த நிலைக்கு வித்தி என்று பெயர். நெல் மணியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றை வெயில் கருக்கிவிடும். உமிக்குள் இருக்கும் மணி வெயிலைத் தாங்கும். நனைந்தால் பிறகு முளைக்கும். இந்த வித்தி சூட்டையும் வரட்சியையும் இரைப்பையின் புளிப்பையும் தாங்கிச் சென்று, குடலுக்குள் இடம் வாய்க்கும்போது விழித்துக்கொள்ளும்.

இது நம் அடுப்படிக்குப் புதிய சங்கதி அல்ல. மத்தியானம் ஆக்கிய சோற்றை இரவு வரை வெளியே வைத்தால் ஏன் கெட்டுப் போகிறது? அரிசியோடு வரும் ஒரு பக்டீரியாவின் வித்திகள் சோறு கொதிக்கும் சூட்டையும் தாங்கிக்கொண்டு, சோறு ஆறியதும் விழித்துப் பெருகுகின்றன. அது வயிற்றைக் கெடுக்கும் இனம். பக்கெட்டில் இருப்பது அதற்குத் தூரத்து உறவான நல்ல இனம். இரண்டுக்கும் சூட்டைத் தாங்கும் குணம் ஒன்றுதான்.

அந்த நல்ல இனத்துக்கு பசிலஸ் கொஆகியுலன்ஸ் என்று பெயர். 1915இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நன்றாகச் சூடாக்கித் தகரத்தில் அடைத்த பால் உறைந்து கெட்டுப் போவதற்குக் காரணம் தேடியபோது ஹமர் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். பாலை உறைய வைப்பது என்பதால்தான் அந்தப் பெயர். அன்று பால்காரரின் எதிரியாக இருந்ததை இன்று காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறோம். சில பக்கெட்டுகளில் லக்டோபசிலஸ் ஸ்போரோஜீன்ஸ் என்று இருக்கும். அதுவும் இதுதான், 1930களில் வைத்த பழைய பெயர். அண்மைக் காலத்தில் விஞ்ஞானிகள் ஹெய்ன்ட்ரிக்சியா கொஆகியுலன்ஸ் என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். இதில் ஒரு வகையை உணவில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் தெரிவித்தது.

ஆகவே சகோதரியே, சூடான தேநீரில் புரோபயோட்டிக் கலக்கலாமா என்று யாராவது கேட்டால், ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. பக்கெட்டில் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும். லக்டோபசிலஸ், பிஃபிடோபக்டீரியம் என்றிருந்தால் ஆறின நீர் அல்லது தயிர்தான். (மேலே சொன்ன ஸ்போரோஜீன்ஸ் மட்டும் பெயரால் ஏமாற்றும்.) பசிலஸ் கொஆகியுலன்ஸ் என்றிருந்து, சூடான பானத்தில் கலக்கலாம் என்றும் எழுதியிருந்தால் கலக்கலாம்.

அப்போதும் அடுப்பில் கேத்தல் கொதிக்கும்போது போடக்கூடாது. சூட்டைத் தாங்கும் என்றால் எவ்வளவு நேரமும் தாங்கும் என்று அர்த்தமில்லை. கோப்பையில் ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்து, குடிக்கும் பதம் வந்ததும் கலக்கிக் குடித்துவிட வேண்டும். பிளாஸ்க்கில் போட்டு வைப்பதும் நல்லதல்ல. இந்த ஐந்து நிமிடத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. 65 பாகைக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக் குழாயில் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்தது. விரல் சுடும் கோப்பை நாக்குக்கும் தொண்டைக்கும் நல்லதல்ல. மாமியிடம் இதைச் சொல்லி ஐந்து நிமிடம் பொறுக்க வைப்பது ஒரு பெரும் போராட்டமாக இருந்தது.

நம் வீட்டுப் பெண்கள் வழமையாகக் கேட்கும் மற்றொரு கேள்வியும் உண்டு. இதே மருந்து குளிசைக் கூட்டிலும் வருகிறது. அந்தக் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. எதிலிருந்து எடுத்த ஜெலட்டின் என்று தெரியாதபோது மனம் சங்கடப்படும். தூள் பக்கெட்டில் கூடு இல்லை. தாவரப் பொருளால் செய்த கூடுகளும் கிடைக்கின்றன. அட்டையைப் பார்த்தும் பாமசியில் கேட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

இனி என் இரண்டாவது தவறுக்கு வருகிறேன்.

மார்ச் நடுப்பகுதியிலிருந்து தினமும் காலையில் மாமியின் பிளேன்டீயில் அந்தப் பக்கெட்டைக் கலந்து கொடுத்தேன். இந்த முறை எல்லாம் சரியாகச் செய்தேன். ஐந்து நிமிடம் பார்த்தேன், அட்டையை வாசித்தேன், எண்ணிக்கை கூடப் பார்த்தேன். பக்கெட்டுக்கு 100 கோடி என்று இருந்தது. ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

"மாமி, வயிறு எப்படி?"

"நல்லம் மகள். இண்டைக்கு லேசா இருக்கு."

கட்டாரிலிருந்து மகன் போன் எடுத்தாலும் அதே பதில்தான். "நீங்க அனுப்பின சாமான் நல்ல சாமான் மகன்." அவரும் சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு பெட்டி அனுப்பினார்.

ஏப்ரலில் ஒரு நாள், நான் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது மாமி கிட்ட வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மகள், தெரிஞ்ச ஒரு மனிசி கேட்டா. வெளிக்குப் போறப்ப இரத்தம் பட்டா உளூ முறியுமா?" என்றார்.

நான் உடுப்பை உதறிக்கொண்டே, "முறியும் மாமி. கழுவிட்டுத் திரும்ப உளூ எடுக்கணும்" என்றேன். மார்க்கத்தில் எனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற திருப்தியோடு அடுத்த உடுப்பை எடுத்தேன். மாமி "ஆ..." என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யார் அந்த மனிசி என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் நோன்பு தொடங்கியது. ஒன்பதாவது நோன்பன்று ஸஹருக்கு எழும்பி உளூ எடுக்கப் போன மாமி, குழாயடியில் மயங்கி விழுந்தார். தூக்கியபோது அவருடைய உள்ளங்கை வெள்ளைத் துணி போல இருந்தது. அப்போதுதான், அந்தத் துவைக்கும் கல்லருகே, அவர் தன் உள்பாவாடையை வைகறையிலேயே தனியாகக் கழுவிப் போடுகிறார் என்பதையும், அது பல வாரங்களாக நடக்கிறது என்பதையும் கண்டேன். முற்றத்தில் கேட்ட கேள்வி அந்தக் கணத்தில்தான் எனக்குக் கேட்டது.

கண்டியில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. பிறகு குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் ஒரு கட்டி. ஜூலையில் ஒபரேஷன் செய்தார்கள். கட்டி குடற் சுவரைத் தாண்டிப் போகவில்லை என்று டொக்டர் சொன்னார். "இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வேறு கதை" என்றும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், மாமி இன்றும் எங்களோடு இருக்கிறார்.

வார்டில் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து, "ஏன் மாமி என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"எப்பிடி மகள் சொல்ற? வெக்கமா இருந்திச்சு. புள்ள அவ்வளவு காசு குடுத்து வாங்கி அனுப்பியிருக்கான். நீங்களும் மணி பாத்து ஆத்தித் தாறீங்க. சொகமில்லண்டு சொன்னா ரெண்டு பேரும் கவலப்படுவீங்க" என்றார்.

நான் தினமும் கேட்டது உண்மைதான். ஆனால் என் கேள்விக்குள் பதிலும் இருந்தது. பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படி, நல்லமா?" என்று கேட்டால் எந்தத் தாய் "இல்லை" என்பார்?

தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கெட் கட்டியை உண்டாக்கவில்லை. தேநீரில் வித்திகள் உயிரோடுதான் இருந்திருக்கும். தம் வேலையையும் செய்திருக்கலாம். ஆனால் அவற்றின் வேலை சின்னது. அன்டிபயோட்டிக்கினால் வரும் சில தொல்லைகளுக்கு உதவும் புரோபயோட்டிக் வகைகள் உண்டு. குடல் எரிச்சலால் வரும் வயிற்று உப்பிசத்துக்கும் வலிக்கும் பசிலஸ் கொஆகியுலன்ஸ் கொடுத்துச் செய்த சிறு ஆய்வுகளில் சிலருக்குச் சுகம் தெரிந்திருக்கிறது. அதே வேளை, பெரும்பாலான குடல் நோய்களுக்கு இவற்றைச் சிபாரிசு செய்யப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கக் குடல் நோய் வைத்தியர் சங்கம் 2020இல் சொல்லியிருக்கிறது. குடித்து நிறுத்தினால் சில நாட்களில் அவை உடலை விட்டுப் போய்விடும். நிரந்தரமாகக் குடியிருப்பவை அல்ல. ஒரு பக்கெட் தூள் ஒரு டொக்டரின் வேலையைச் செய்யும் என்று நான் நம்பியதுதான் தவறு.

ஆகவே உங்களிடம் சில வார்த்தைகள்.

வயிற்றோட்டம் என்றால் முதலில் தேவை புரோபயோட்டிக் அல்ல, ஜீவனி. அதையும் பக்கெட்டில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில்தான் கரைக்க வேண்டும், தேநீரில் அல்ல. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் எந்தப் புரோபயோட்டிக்கும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுப்பதால் வரக்கூடிய கடும் தொற்றைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. புற்றுநோய் மருந்து எடுப்போரும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். வசதி இல்லையே என்று யாரும் கவலைப்படவும் வேண்டாம். ஒரு சட்டி எருமைத் தயிர், கீரை, பயறு, பழம் என்று நம் சாப்பாட்டிலேயே குடலுக்குத் தேவையான நல்லவை நிறைய இருக்கின்றன.

ஆனால் மலத்தில் இரத்தம் கண்டாலோ, வெளிக்குப் போகும் பழக்கம் மாறி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ, முகம் வெளுத்துக் களைத்தாலோ, தேநீரில் எதையும் கலந்துகொண்டு காத்திருக்காதீர்கள். "மூலமாக இருக்கும்" என்று நீங்களே முடிவும் கட்டாதீர்கள். டொக்டரிடம் போங்கள். பெண் டொக்டர்தான் வேண்டும் என்றால் தேடிப் பிடித்தாவது போங்கள். நோயை மறைப்பதற்கு வெட்கம் ஒரு காரணமாகக் கூடாது.

உங்கள் வீட்டில் வயது போன உம்மாவோ மாமியோ இருந்தால், "நல்லமா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை தரம் போகிறார், வலி உண்டா, இரத்தம் உண்டா என்று வாய் விட்டுக் கேளுங்கள். நாம் கேட்டால் அவர்களுக்கும் சொல்ல வாய் வரும். யாரோ ஒரு மனிசிக்காக அவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்டால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, யார் அந்த மனிசி என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இன்றும் காலையில் இஞ்சிப் பிளேன்டீதான். மாமியும் நானும் அது ஆறும் வரை ஐந்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். இப்போது பக்கெட் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார்.